வீட்டுக் கடன் தவணை கட்ட முடியவில்லையா? வங்கியிடம் சலுகை கேட்பது முதல் ஏலத்தைத் தடுப்பது வரை

வேலை போகிறது, வியாபாரம் படுக்கிறது, இல்லை வீட்டில் ஒருவருக்குப் பெரிய ஆபரேஷன். தவணைக்குப் பணம் இல்லை என்றானதும் நம் வீடுகளில் முதலில் நகை அடகுக்குப் போகும். அப்புறம் சொந்தக்காரரிடம் கைமாற்று. அதன் பிறகு கிரெடிட் கார்டு, மொபைல் ஆப் கடன். எல்லாம் தீர்ந்து, மூன்று தவணை பாக்கி விழுந்து, வங்கியிலிருந்து போன் மேல் போன் வந்த பிறகுதான் கிளைக்குப் போவார்கள். அந்த நேரத்தில் மேலாளரே உதவ நினைத்தாலும் அவர் கையில் இருப்பது மிகக் குறைவு.

இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் வங்கிக்குப் போங்கள், எழுத்தோடு போங்கள். இந்தியாவில் வங்கியிலோ வீட்டுவசதி நிதி நிறுவனத்திலோ வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். சலுகை என்பது நம் சட்டப்படியான உரிமை அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடனை இவ்வளவு குறைத்து முடித்துக்கொள் என்று வங்கியைக் கட்டாயப்படுத்த முடியாது என 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் கேட்டதற்குப் பதில் பெறுவதும், விதிப்படி நடத்தப்படுவதும் உரிமைதான். அதைப் பிடித்துக்கொண்டுதான் மேலே போகப் போகிறோம்.

முதலில் 90 நாள் கணக்கு

தவணை தேதி தாண்டிய நாளிலிருந்து வங்கியின் கணினி எண்ணத் தொடங்கிவிடும். முதல் 30 நாள் வரை எஸ்எம்ஏ-0 (எஸ்எம்ஏ என்பது சிக்கலுக்குள் போகும் கணக்குக்கு வங்கி போடும் எச்சரிக்கைக் குறி), 60 நாள் வரை எஸ்எம்ஏ-1, 90 நாள் வரை எஸ்எம்ஏ-2. அதைத் தாண்டினால் கணக்கு வாராக் கடன், அதாவது என்பிஏ. ஜனவரி 5-ஆம் தேதித் தவணை நின்றுபோனால், ஏப்ரல் முதல் வாரத்தில் அந்த நிலைக்கு வந்துவிடும்.

வங்கி எண்ணுவது மிகப் பழைய பாக்கியின் வயதை. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்றும் நிற்கிறது என்று வையுங்கள். கையில் ஒரு தவணைக்கு மட்டும் பணம் இருக்கிறது. ‘கட்டினால் மூன்றையும் சேர்த்துக் கட்டுவோம்’ என்று அதைக் கையிலேயே வைத்திருக்காதீர்கள். கட்டிவிட்டால் அது ஜனவரிக்கு வரவாகும், எண்ணிக்கை பிப்ரவரியிலிருந்து தொடங்கும், ஒரு மாத அவகாசம் கிடைக்கும். கட்டும் தொகையை அபராதத்துக்கு முதலில் வரவு வைக்கிறார்களா, தவணைக்கா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அபராதத்துக்கு என்றால், அதையும் சேர்த்துக் கட்டினால்தான் ஜனவரி தீரும்.

ஒருமுறை என்பிஏ ஆகிவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லிவிட்டது: அசல், வட்டி என்று எல்லாப் பாக்கியும் முழுதாகத் தீர்ந்தால்தான் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பும். பாதி கட்டிப் பயனில்லை. 90 நாளுக்கு முந்தைய ஒரு ரூபாய்க்கு இருக்கும் மதிப்பு அதற்குப் பிந்தைய ரூபாய்க்கு இல்லை.

கணக்கு விவரத்தை வாங்கிப் படியுங்கள்

கிளையிலோ வங்கியின் ஆப்பிலோ கடன் கணக்கு விவரத்தை, தொடக்கம் முதல் இன்று வரை, எடுங்கள். பார்க்க வேண்டியவை மூன்று. இன்றைய வட்டி விகிதம் எவ்வளவு, எதோடு இணைந்தது? மீதி அசல் எவ்வளவு, எத்தனை மாதம் பாக்கி? தவணை தவிர வேறு என்னென்ன பற்று வைத்திருக்கிறார்கள்?

2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் கொடுத்த மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் எல்லாம் ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) போன்ற வெளி விகிதத்தோடு இணைந்தவை. அதற்கு முந்தைய கடன் இன்னும் எம்சிஎல்ஆர் அல்லது அடிப்படை விகிதம் என்ற, வங்கியே தன் செலவை வைத்து நிர்ணயிக்கும் பழைய முறையிலேயே கிடக்கலாம். 2025 பிப்ரவரியில் 6.5 சதவீதமாக இருந்த ரெப்போவை ரிசர்வ் வங்கி ஜூனுக்குள் 5.5 ஆகக் குறைத்தது. அந்த ஒரு சதவீதம் உங்கள் கணக்கில் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய முறையில் இருக்கும் பலருக்கு முழுதாக இறங்கியிருக்காது.

அடுத்து அபராதம். தவணை தவறியதற்கு வட்டி விகிதத்தின் மேலேயே கூடுதல் வட்டி போடும் பழக்கத்தை ரிசர்வ் வங்கி நிறுத்திவிட்டது. புதிய விதி 2024 ஏப்ரல் 1-இல் தொடங்கியது, பழைய கடன்களுக்கும் அந்த ஆண்டு ஜூன் மாதத்துக்குள் வந்துவிட்டது. இப்போது அபராதக் கட்டணம் என்று தனியாகத்தான் போட வேண்டும், அந்தக் கட்டணத்தின் மேல் வட்டி ஏற்றக் கூடாது. விவரத்தில் அப்படி ஏறியிருந்தால் பென்சிலால் வட்டமிட்டு வையுங்கள், கடிதத்தில் பயன்படும்.

கேட்பதற்கு முன் கணக்குப் போடுங்கள்

இதைத்தான் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. ‘ஏதாவது பார்த்துப் பண்ணுங்க சார்’ என்று போய் நிற்பார்கள். மேலாளரும் தனக்குச் சுலபமான ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடுவார். அது நமக்கு நல்லதாக இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை.

ஒரு கடனை எடுத்துக்கொள்வோம். மீதி அசல் 25 லட்சம், வட்டி 9 சதவீதம், இன்னும் 15 வருஷம் பாக்கி. தவணை சுமார் 25,357 ரூபாய்.

காலத்தை 20 வருஷமாக நீட்டினால் தவணை 22,493 ஆகும். மாதம் 2,860 ரூபாய் மிச்சம், ஆனால் மொத்தமாகக் கட்டுவது 8 லட்சத்துக்கு மேல் கூடும். 25 வருஷமாக நீட்டினால் தவணை 20,980, கூடுதல் சுமை 17 லட்சத்தைத் தாண்டும்.

இப்போது வட்டியை 9-லிருந்து 8 ஆகக் குறைத்து, காலத்தை 20 வருஷமாக மட்டும் நீட்டிப் பாருங்கள். தவணை 20,911. அதாவது 25 வருஷம் நீட்டிக் கிடைத்த அதே தவணை, ஐந்து வருஷம் முன்னதாகவே முடிகிறது, மொத்தத்தில் ஏறக்குறைய 12 முக்கால் லட்சம் குறைவு. அதனால்தான் சொல்கிறேன், முதலில் வட்டியைப் பேசுங்கள், காலத்தை அப்புறம் பேசலாம்.

இதே கடனுக்கு ஒரு மாத வட்டி மட்டும் 18,750 ரூபாய். காலத்தை எவ்வளவு நீட்டினாலும் தவணை இதற்குக் கீழே இறங்காது. உங்களால் மாதம் 15,000தான் முடியும் என்றால் கால நீட்டிப்பு உங்களுக்கு மருந்தே இல்லை. சில மாத ஒத்திவைப்போ, ஒரு பகுதி அசலை அடைப்பதோ, வீட்டை விற்பதோதான் பேச வேண்டியது. இந்த ஒரு எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் வருஷக்கணக்கில் போராடி, இருந்த சேமிப்பையும் கரைத்தவர்கள் நிறைய.

ஒத்திவைப்பும் இலவசம் அல்ல. 2020-இல் கொரோனாவுக்காக மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் கொடுத்தார்களே, அதுபோல ஆறு மாதம் நிறுத்தினால் இந்தக் கடனில் சுமார் 1.15 லட்சம் வட்டி அசலோடு சேரும். பிறகு பழைய தவணையையே கட்டினாலும் 180 தவணைக்குப் பதில் ஏறக்குறைய 199 தவணை கட்ட வேண்டியிருக்கும். உயிர் பிழைக்க வேண்டிய நேரத்தில் அதை வாங்கத்தான் வேண்டும், விலை தெரிந்து வாங்குங்கள்.

எதை எந்த வரிசையில் கேட்பது

கணக்கு இன்னும் ஒழுங்காக இருக்கும்போதே முதல் கோரிக்கை வட்டிக் குறைப்பு. பழைய முறையிலிருந்து ரெப்போ முறைக்கு மாற்றச் சொல்லுங்கள், அதற்கு ஒரு சிறு கட்டணம் இருக்கும். ஒப்புக்கொள்ளவில்லை என்றால் வேறு வங்கிக்குக் கடனை மாற்றலாம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. ஒன்றிரண்டு தவணை தவறிய கணக்கை எந்த வங்கியும் தொடத் தயங்கும் என்பதால் இது தவறுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை.

இரண்டாவது கால நீட்டிப்பு. 2023 ஆகஸ்ட் 18-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, வட்டி மாறும்போது தவணையைக் கூட்டவா, காலத்தை நீட்டவா, இரண்டையும் கலக்கவா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன்தாரருக்குக் கொடுக்க வேண்டும். கடிதத்தில் இந்தச் சுற்றறிக்கையைத் தேதியோடு குறிப்பிடுங்கள், எதிரில் இருப்பவரின் பேச்சே மாறும்.

மூன்றாவதுதான் மறுசீரமைப்பு. வருமான நெருக்கடியைக் காட்டித் தவணையைக் குறைக்கவோ சில மாதம் ஒத்திவைக்கவோ கேட்பது. வங்கி இதற்கு ஏன் முகம் சுளிக்கிறது என்று புரிந்துகொள்வது நல்லது. கொரோனா கால விசேஷத் திட்டங்கள் 2021 செப்டம்பரோடு மூடப்பட்டுவிட்டன. சாதாரண விதியில், நெருக்கடியால் மறுசீரமைத்த கணக்கைப் பொதுவாக வாராக் கடனாகவே வகைப்படுத்த வேண்டும், வங்கி தன் லாபத்திலிருந்து அதற்குக் கூடுதலாகப் பணம் ஒதுக்க வேண்டும். நம் சிபில் அறிக்கையிலும் அது பதிவாகும். வெள்ளம், புயல் போன்ற இயற்கைப் பேரிடரால் பாதிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட பகுதியில் இருந்தால் விதி தளர்வாக இருக்கும், அதைத் தனியாகக் கேளுங்கள்.

இதற்கிடையில் இரண்டு இடங்களைத் தட்டிப் பாருங்கள். கடன் வாங்கும்போது வங்கி தலையில் கட்டிய காப்பீடு ஒன்று இருக்கும், அதன் பத்திரத்தைத் தேடி எடுங்கள். கடன்தாரர் இறந்திருந்தால் மீதிக் கடன் முழுவதும் அதில் அடைபடலாம், சிலவற்றில் கொடிய நோய்க்கும் வேலை இழப்புக்கும்கூட ஏதாவது உண்டு. இன்னொன்று பிஎஃப். வீட்டுக் கடன் அடைக்கப் பணம் எடுக்க அதில் வழி இருக்கிறது.

கடிதம்

திருப்பூரில் சாயப்பட்டறை ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்த என் சித்தப்பாவுக்கு வேலை போனபோது அவர் ஒரு கிளைக்கு மாதாமாதம் போய் வந்தார். மேலாளர் நல்ல மனிதர். ‘பார்த்துக்கலாம்ணே, மேல பேசியிருக்கேன்’ என்பார். பிறகு அவருக்கு இடமாற்றம் வந்தது. புதிதாக வந்தவர் கணக்கைத் திறந்து பார்த்தார். சித்தப்பா ஏதாவது கேட்டதாக ஒரு வரி கூட அதில் இல்லை. ‘நீங்க அப்ளிகேஷனே குடுக்கலையே’ என்றார். பேசியது எல்லாம் காற்றோடு போயிற்று.

ஆகவே கடிதம் இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் தேதியும் கிளை முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் சண்டை வேண்டாம், நேராகத் தபால் நிலையம் போய், போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அதையே கிளையின் மின்னஞ்சலுக்கும் வங்கியின் குறைதீர் அதிகாரிக்கும் அனுப்புங்கள். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. இப்படி இருக்கலாம்:

‘மேற்கண்ட வீட்டுக் கடனுக்குக் கடந்த ஏழு ஆண்டுகளாகத் தவணை தவறாமல் செலுத்தி வந்தேன். நான் வேலை செய்த நிறுவனம் ஆட்குறைப்பு செய்ததால் சென்ற மாதம் முதல் எனக்குச் சம்பளம் இல்லை. பணிநீக்கக் கடிதமும் ஆறு மாத வங்கிக் கணக்கு விவரமும் இணைத்துள்ளேன். தற்போது குடும்ப வருமானம் மாதம் 34,000 ரூபாய். இதில் 21,000 ரூபாய் வரை தவணை செலுத்த என்னால் இயலும். எனவே, 1) என் கடனை ரெப்போ சார்ந்த வட்டி விகிதத்துக்கு மாற்றவும், 2) மீதிக் காலத்தை 20 ஆண்டுகளாக நீட்டிக்கவும் கேட்டுக்கொள்கிறேன். முடிவு தெரியும் வரை மாதம் 21,000 ரூபாய் செலுத்தி வருவேன். தங்கள் முடிவை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்.’

இதில் புலம்பல் இல்லை என்பதைப் பாருங்கள். கிளை மேலாளர் இதை வட்டார அலுவலகத்துக்கு அனுப்பித்தான் அனுமதி வாங்க வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவர் உங்கள் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. வருமானம், இயலும் தொகை, கேட்பது, ஆதாரம் இந்த நான்கையும் அவர் கண் தேடும். கணவன் மனைவி சேர்ந்து வாங்கிய கடன் என்றால் இருவரும் கையெழுத்திடுங்கள். சொன்ன தொகையைச் சொன்ன தேதியில் கட்டுங்கள், அதைவிடப் பெரிய சிபாரிசு வேறு இல்லை. குறைவாகக் கட்டும் மாதங்களில் மீதிப் பாக்கி தொடர்ந்து எண்ணப்படும் என்பதை மறக்க வேண்டாம். கணக்கில் முழுத் தொகை இல்லாமல் தானியங்கிப் பற்று திரும்பினால் இரண்டு பக்கமும் கட்டணம் பிடிப்பார்கள், அதனால் தேதிக்கு முன்பே கிளையில் பேசிவைக்க வேண்டும்.

பதில் வராவிட்டால்

30 நாள் பொறுங்கள். பதில் இல்லை, அல்லது திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சிஎம்எஸ் என்ற இணையதளத்தில் பதியலாம், கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் தமிழிலும் விவரம் கேட்கலாம். கடன் வீட்டுவசதி நிதி நிறுவனத்தில் என்றால் தேசிய வீட்டுவசதி வங்கியின் ‘கிரிட்ஸ்’ தளத்தில் புகார் செய்ய வேண்டும்.

குறைதீர்ப்பாளர் வங்கியைப் பார்த்து ‘இவருக்குச் சலுகை கொடு’ என்று உத்தரவிட மாட்டார். அது வங்கியின் வணிக முடிவு என்று தள்ளிவிடுவார். ஆகவே புகாரை வேறு மாதிரி எழுதுங்கள். கடிதத்துக்குப் பதிலே தரவில்லை, அபராதத்தின் மேல் வட்டி ஏற்றியிருக்கிறார்கள், வட்டி மாறியபோது எனக்குத் தேர்வு கொடுக்கவில்லை, வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கிறார்கள். இவை சேவைக் குறைபாடுகள், இவற்றை அவர் விசாரிப்பார். இப்படி ஒரு புகார் போனாலே கிடப்பில் கிடந்த கோப்பு நகர்வதுண்டு.

நோட்டீஸ் வந்துவிட்டால்

கணக்கு என்பிஏ ஆனபின் வங்கி கையில் எடுப்பது 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டம். நீதிமன்றத்துக்குப் போகாமலேயே வீட்டை எடுத்து விற்கும் அதிகாரம் இதில் உண்டு. அசலும் வட்டியுமாகச் சேர்த்து 20 சதவீதத்துக்கும் குறைவாகவே பாக்கி இருந்தால் இந்தச் சட்டத்தைப் பயன்படுத்த முடியாது என்பதைக் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் வருவது பிரிவு 13(2) நோட்டீஸ். முழுத் தொகையையும் 60 நாளில் கட்டு என்று இருக்கும். பயந்து மேஜைக்குள் போட்டு மூடிவிடாதீர்கள், தபால்காரரிடம் வாங்க மறுக்கவும் வேண்டாம். அந்த 60 நாளுக்குள் பிரிவு 13(3ஏ)-இன் கீழ் ஆட்சேபம் எழுதலாம். தொகை தவறு, அபராதம் விதிமீறல், சலுகைக் கடிதம் இந்தத் தேதியில் கொடுத்தேன் பதில் இல்லை என்று முத்திரை பெற்ற நகலோடு எழுதுங்கள். வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தர வேண்டும். தராவிட்டால் அதுவே பின்னால் உங்களுக்குக் கைகொடுக்கும் வாதம். இந்த நோட்டீஸ் வந்தபின் வங்கியின் எழுத்து அனுமதி இல்லாமல் வீட்டை விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது.

60 நாள் முடிந்தால் சுவாதீன நோட்டீஸ், அதாவது வீட்டை வங்கி தன் வசம் எடுத்துக்கொண்டதாகச் சொல்லும் அறிவிப்பு. வீட்டுச் சுவரில் ஒட்டுவார்கள், ஏழு நாளுக்குள் இரண்டு நாளிதழ்களில் போடுவார்கள், ஒன்று தமிழில். பூட்டுப் போட ஆள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் இங்கே அசந்துவிடுகிறார்கள். கடன் வசூல் தீர்ப்பாயத்தில் பிரிவு 17-இன் கீழ் மனுச் செய்ய இருப்பது 45 நாள்தான், அதை நோட்டீஸ் சுவரில் ஒட்டப்பட்ட நாளிலிருந்தே எண்ணுங்கள். தமிழ்நாட்டில் இந்தத் தீர்ப்பாயம் சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. மனுச் செய்யக் கடன் தொகையில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்ட வேண்டியதில்லை, 2004-இலேயே உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. தோற்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால்தான் பாதித் தொகை கட்டச் சொல்வார்கள், 25 சதவீதம் வரை குறைக்கலாம். நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள், தீர்ப்பாயம் இருக்கும்போது அவற்றைப் பொதுவாக ஏற்பதில்லை. இந்தக் கட்டத்தில் வழக்கறிஞர் தேவை. பெண்கள், பட்டியல் இனத்தவர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு, வீடு மனைவி பெயரிலும் இருந்தால் அவர் விண்ணப்பிக்கலாம்.

விற்பதா, ஒரே தடவையில் முடிப்பதா

வீட்டைக் காப்பாற்ற முடியாது என்று கணக்கு சொன்னால், நாமே விற்பது ஏலத்தைவிட எப்போதும் மேல். வங்கியிடம் எழுதிக்கொடுத்து அனுமதி வாங்குங்கள். வாங்குபவர் அல்லது அவருடைய வங்கி கடனை நேரடியாக அடைக்கும், மிச்சம் உங்களுக்கு.

ஏலத்துக்கே போனால் அடிப்படை விலையைப் பாருங்கள். குறைவாக வைத்திருந்தால் அந்தத் தெருவின் அரசு வழிகாட்டி மதிப்பையும், பக்கத்தில் சமீபத்தில் பதிவான பத்திரத்தின் நகலையும் வைத்து ஆட்சேபியுங்கள். மொத்தப் பாக்கியையும் செலவையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் இருக்கிறது. முன்பு ஏலம் முடியும் வரை இருந்தது, 2016 திருத்தத்தில் சுருங்கியது, 2023-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஊரில் இன்னமும் பழைய கணக்கைச் சொல்கிறார்கள், நம்பாதீர்கள். கடன் போக மிஞ்சும் பணம் உங்களுடையது, பிரிவு 13(7) அப்படித்தான் சொல்கிறது, கேட்டு வாங்குங்கள்.

ஒரே தடவைத் தீர்வு, ஓடிஎஸ், பேசலாம். தேசிய மக்கள் நீதிமன்றம் நடக்கும் நாட்களை ஒட்டி வங்கிகள் இறங்கி வருவதுண்டு. தொகை, கெடு, ‘இத்துடன் கடன் முடிந்தது’ என்ற வாசகம் மூன்றும் உள்ள கடிதம் கையில் வராமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். சிபிலில் ‘சமரசமாக முடிக்கப்பட்டது’ என்று பதிவாகும், அடுத்த கடன் வாங்குவது சில வருஷம் கடினமாகவே இருக்கும்.

எந்த வழியில் தீர்ந்தாலும், முழுத் தொகையும் அடைந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பத்திரம் கைக்கு வந்ததும் சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்ஓடி (பத்திரத்தை வங்கியில் ஈடாக வைத்ததற்கான பதிவு) ரத்து ரசீதைப் பதிவு செய்துவிட்டு, ஒரு வாரம் கழித்து வில்லங்கச் சான்று போட்டு, வங்கியின் பெயருக்கு எதிரே ரத்து பதிவாகிவிட்டதா என்று பாருங்கள்.